கரை உடையுமுன் காணும் குறிகள்

வைகையாற்றின் இருமருங்கும் வாழும் நமக்கு மூன்று எண்கள் நன்கு பழக்கமானவை. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையில் நீர் நிற்கக்கூடிய உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் வெள்ள அபாய அறிவிப்பு வெளியாகின்றது, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்னும் ஐந்து மாவட்டங்களிலும் கரையோர ஜனங்களுக்கு, ஆற்றில் இறங்கலாகாது, ஆடுமாடுகளை மணலில் ஓட்டலாகாது என்று சொல்லப்படுகின்றது. பத்திரிகை வாசித்தறியாத மூதாட்டியரும், "அறுபத்தாறு வந்துட்டதாமே, மெய்தானா?" என்று வினவுவதைச் சோழவந்தான் பக்கத்தில் நாம் கேட்டிருக்கிறோம்.

இம்மூன்று எண்களிலும் நம் கருத்தைக் கவர்வது அவற்றின் அளவன்று. 66-க்கும் 71-க்கும் இடையே நிற்கும் ஐந்தடியே கருதத்தக்கது. அவ்வைந்தடியும் நீரன்று, அவகாசமாகும். அணை நிரம்பி வழிந்தபின் நிரம்பிவிட்டது என்று கூறுவதற்கு யாதொரு புலமையும் வேண்டா. நிரம்புமுன்னரே எந்த எண்ணில் யார் யாருக்கு என்ன சொல்லவேண்டும் என்பது, வெயில் காயும் நாளிலேயே, பதற்றமில்லாத வேளையிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றது. மழை கொட்டும் நள்ளிரவில் அணையின்மேல் நிற்கும் பொறியாளர், 'இப்பொழுது சொன்னால் மேலதிகாரி சினப்பாரோ, சொல்லாவிடின் பழி வருமோ' என்று தராசு பிடிக்க வேண்டுவதில்லை. எண் வந்தது, சங்கு ஒலிக்கின்றது.

நிற்க. நாம் எழுதப் புகுந்தது நீரைப்பற்றியதன்று. நீரைப்போலவே இன்று நாடெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் செய்தியைப்பற்றியது. கலாசாலைக் கட்டணமும், வருகைப் பதிவும், தேர்வு நுழைவுச்சீட்டும், ரயில் முன்பதிவும், வங்கிக் கணக்கும், நியாயவிலைக் கடையின் அரிசியும் இப்பொழுது கணிப்பொறி வழியாகவே நடைபெறுகின்றன. கணிப்பொறி என்று ஒருமையிற் கூறுவதும் பிழை. கலாசாலையின் பொறி பல்கலைக்கழகத்தின் பொறியைக் கேட்கின்றது. அது வங்கியைக் கேட்கின்றது. வங்கி கைப்பேசிக் கம்பெனியைக் கேட்கின்றது. ஒரு மாணாக்கன் ஒருமுறை விரலால் தொடுவதற்குள் இத்தனை வாயில்களும் திறந்து மூடுகின்றன. அவற்றுள் ஒன்று திறவாவிடின், "சர்வர் வேலை செய்யவில்லை" என்னும் விடை வருகின்றது. கம்பரையும் பாரதியையும் அறியாதார் நம் நாட்டில் இருக்கலாம். இவ்வாசகத்தைக் கேளாதார் இல்லை.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்கள் தனித்தனியே நிற்பன அல்ல என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மேற்கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே மறுகால் பாயும். அம்மறுகாலே கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும். இங்ஙனம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல கண்மாய்கள் கோவைபட்டுக் கிடக்கின்றன. ஒருமுறை பெய்த மழையைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்த நம் முன்னோரின் அறிவு வியத்தற்குரியதே. ஆயின் அக்கோவையிலேயே ஓர் அபாயமும் பின்னிக் கிடக்கின்றது. மேலே ஒரு கரை உடையுமாயின், கலிங்கு கழிக்கக்கூடிய அளவினும் பன்மடங்கு வெள்ளம் ஒரே நாழிகையிற் கீழே வந்து மோதும். கீழ்க்கரை தன்பாற் குற்றம் யாதொன்றுமின்றியே உடையும். அதன் வெள்ளமும் சேர்ந்து அதற்கடுத்த கரையை உடைக்கும். செய்திப் பொறிகளின் கோவையும் இத்தகையதே. பங்கிடும் நன்மையும் பரவும் தீமையும் ஒரே கால்வாயில் வருகின்றன.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாளில் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய சிறியதொரு திருத்தக் கோப்பு பழுதாயிருந்தமையால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் ஒருங்கே நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்கு ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. இஃது இடி விழுந்தாற்போன்ற விபத்து. முதலில் சில பொறிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதற்குமேல் இதனைப்பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. நாம் கவலைகொள்வது இடியைப்பற்றியன்று, கசிவைப்பற்றியே. பெரும்பாலான அழிவுகள் கசிந்தே வருகின்றன.

கண்மாய்க் கரையைக் காக்கும் நீர்க்கட்டியாரிடம் பேசிப் பார்த்தவர்கள் ஒரு நுட்பத்தை அறிவர். மண்ணாலான கரை எதுவும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிந்து, நேற்றைய அளவே இன்றும் இருக்குமாயின் அவர் அதனைப் பார்த்துக்கொண்டு அப்பாற் செல்வர். கசியும் நீர் கலங்கி வருமாயின் அங்கேயே நின்றுவிடுவர். கலங்கிய நீர் கரையின் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகின்றது. நண்டு வளையோ எலி வளையோ மக்கிய வேரோ உள்ளே வழி திறந்துவிட்டது. அவ்வழி மணிக்கு மணி அகலும். மேலே நின்று பார்ப்பவனுக்குக் கரை நேற்றுப்போலவே உறுதியாய்த் தோன்றும். ஆகவே நீர்க்கட்டியார் அளவைமட்டும் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்க்கின்றார்.

செய்திப் பொறிகளின் கசிவுக்கும் ஒரு நிறம் உண்டோ என்றால், உண்டு. அஃது தாமதம். இதனை முதன்முதற் கணிதத்தால் ஆராய்ந்தவருள் ஒருவர், கோப்பன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் பணிபுரிந்த எர்லாங் என்னும் டென்மார்க்குக் கணித அறிஞர். 1909-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, தொலைபேசி அழைப்புகள் ஒழுங்கின்றி வந்து சேரும்போது நேரும் விளைவுகளை ஆராயும் துறைக்கு வித்திட்டது. அத்துறையிலிருந்து ஒரு கணக்கை இங்கே தருவோம். கட்டணம் செலுத்த வரிசையில் நின்ற மாணாக்கர் எவருக்கும் இது விளங்கும்.

ஒரு சாளரம், ஓர் எழுத்தர். ஒருவரின் அலுவலை முடிக்கச் சராசரி 1 நிமிஷம் பிடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். வருவோரும் கடிகாரம் பார்த்து வருவதில்லை; மூவர் சேர்ந்து வருவர், பின் நெடுநேரம் ஒருவரும் வாரார். எழுத்தரின் நேரத்தில் நூற்றுக்கு 50 பங்கு வேலையிற் கழியும் நாளில், வந்தவர் காத்திருப்பும் சேர்த்துச் சராசரி 2 நிமிஷத்திற் திரும்புவர். 80 பங்கு கழியும் நாளில் 5 நிமிஷம் ஆகும். 90 பங்கில் 10 நிமிஷம். 95 பங்கில் 20 நிமிஷம். 50-லிருந்து 80 வரை பளு ஏறியபோது கூடியது 3 நிமிஷமே; 90-லிருந்து 95-க்கு ஏறியபோது கூடியதோ 10 நிமிஷம். இன்னும் ஐந்து பங்கு ஏறினால் வரிசைக்கு முடிவே இல்லை. எழுத்தர் சோம்பேறியாகவில்லை, ஒரு கணமும் ஓயாது உழைக்கின்றார். வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கோ, 'நேற்று நன்றாய் ஓடியதே, இன்று இரண்டு பேர்தானே அதிகம்' என்றே தோன்றும். கணிப்பொறியின் உள்ளே நிகழ்வதும் இதுவே. நூற்றுக்கு இத்தனை பங்கு இடம் காலியாயிருக்கின்றது என்று காட்டும் பலகையை நம்பியிருப்பவர், வழுக்குப் பாறையின் விளிம்பில் நின்றுகொண்டு இன்னும் ஓரடி இருக்கின்றதே என்று மகிழ்பவரை ஒப்பர். தாமதம் எத்துணை விரைவாய் வளர்கின்றது என்று பார்ப்பவரே நிறத்தைப் பார்த்தவராவர்.

இரண்டாவது குறியொன்றும் உண்டு. சிறுவர் சுற்றிவிட்ட பம்பரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வேகமாய்ச் சுழலும்போது சற்றே அசைந்து உடனே நிமிர்ந்துவிடும். வேகம் தளர்ந்தபின் அதே தொடுதலுக்குத் தலையாட்டம் நெடுநேரம் நீடிக்கும். இன்னும் தளர்ந்தபின் சாய்ந்தே போகும். தொடுதல் மூன்று முறையும் ஒன்றே. மீண்டெழும் நேரமே வேறு. ஹாலந்து தேசத்து மார்ட்டன் ஷெஃபர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 2009-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இக்கருத்தை விரிவாய் எழுதினர். ஏரிகள், தட்பவெப்பம், நிதிச்சந்தை முதலிய ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அமைப்புகளும், தலைகீழாய் மாறும் நிலையை நெருங்குங்கால், சிறிய இடையூறுகளிலிருந்து மீள்வதற்கு வரவர நெடுநேரம் கொள்ளும் என்பது அவர்கள் எடுத்துக்காட்டியது. ஆகவே, ஒரு பொறி எத்தனை முறை நின்றது என்று எண்ணுவதுமட்டும் போதாது. ஒவ்வொருமுறையும் எழுந்திருக்க எத்தனை நிமிஷமாயிற்று என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இது நேர்ந்தது, பெயர் வேண்டா. கட்டணம் வாங்கும் பொறி, ஒரு பருவத்தின் தொடக்கத்தில், காலை பத்து மணிக்கு ஒரு நிமிஷம் நிற்கும். பின் தானே ஓடும். சில வாரங்கள் கழிந்து ஐந்து நிமிஷம் நின்றது. பின் அரைமணி. ஒவ்வொரு தடவையும் "சரியாகிவிட்டது" என்னும் செய்தியே மேலே சென்றது. எத்தனை நேரத்தில் சரியாயிற்று என்பதை எவரும் கேட்கவில்லை. சாளரத்தில் அமர்ந்திருந்த இளநிலை எழுத்தர் இருமுறை வாயால் சொன்னார் என்று பின்னர் அறிந்தோம். கடைசி நாளன்று பொறி அடியோடு நின்றது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் கடன் வாங்கிய பணத்துடன் வந்திருந்த பிள்ளைகள் மாலைவரை வராந்தாவில் நின்று, கடைசிப் பேருந்துக்கு ஓடினர். மறுவாரம் அவர்கள்மேல் தாமதத் தண்டமும் விதிக்கப்பட்டது. அது விதித்ததும் அதே பொறிதான்; தேதி தவறிற்று என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்தில் 33-ஆம் அதிகாரத்தில் வரும் காவற்காரனை இக்கலாசாலை மாணாக்கர் அறிவர். பட்டயம் வரக் கண்டும் எக்காளம் ஊதாத காவலன்மேல் பழி விழுகின்றது. அவ்வதிகாரமே, எக்காளத்தைக் கேட்டும் எச்சரிக்கையாகாதவனைப்பற்றியும் பேசுகின்றது. அப்பகுதியை நாம் சற்று விரைவாய் வாசித்துவிடுகிறோம் போலும்.

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டில்லி விமான நிலையத்தில், விமானக் கட்டுப்பாட்டாளருக்குச் செய்திகளைப் பிரித்தனுப்பும் தானியங்கிச் சாதனம் பழுதுற்றது. விமானப் பிரயாணத் திட்டங்களைக் கையால் பதிய நேர்ந்து, 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, தானியங்கிச் சாதனங்களில் மந்தமும் தாமதமும் காண்கின்றன என்று கட்டுப்பாட்டாளர் சங்கத்தார் முறையிட்டிருந்தனர் என்னும் செய்தி பின்னர்ப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவர்கள் குறிப்பிட்ட மந்தமும் அன்று நேர்ந்த பழுதும் ஒன்றே என்று நாம் சாதிக்க வரவில்லை. தாமதம் என்னும் சொல் அக்கடிதத்தில் இருந்தது. அதுவே நமக்கு வேண்டிய பகுதி.

மணியே பழுதானால் யாது செய்வது? இதற்கும் சரித்திரத்தில் உதாரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து மின்கம்பெனியொன்றின் கட்டுப்பாட்டறையில், பிற்பகல் 2 மணி 14 நிமிஷத்திற்கு அபாய அறிவிப்பு மென்பொருள் ஓசையின்றி நின்றுபோயிற்று. நின்றது என்பதை அறிவிக்க வேறொரு மணி அங்கே இல்லை. 3 மணிக்குப்பின் உயரழுத்தக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களில் பட்டு அறுந்த நிலையை அடைந்தன. அயற்கம்பெனியார் தொலைபேசியில் அழைத்து வினவினர். அறையிலிருந்தோர் தம் பலகையைப் பார்த்தனர். அதில் ஒரு குறியும் இல்லை. ஆகவே ஒன்றும் நேரவில்லை என்று கொண்டனர். 4 மணி 10 நிமிஷமளவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி ஜனங்களுக்கு மின்சாரம் இல்லை. மேற்கண்மாய் உடைந்து கீழ்க்கண்மாய்கள் உடைந்த கதைதான். ஆயின் அன்று அவ்வறையில் நிலவிய அமைதியே நம்மை மிகவும் அச்சுறுத்துகின்றது. செவி கேளாதவன் ஊர் அமைதியாயிருக்கின்றது என்று உறங்கினாற்போல் ஆயிற்று.

முற்காலத்தில் கஜானாக்களிலும் சிறைச்சாலைகளிலும் இரவுக் காவலன் மணிக்கு மணி சேகண்டி தட்டுவான். ஒன்றும் நேரவில்லை என்பதைச் சொல்வதற்கே அத்தட்டு. இரண்டு மணித் தட்டு கேளாவிடின் உறங்குகிற அதிகாரி எழுந்திருப்பார். காவலன் உறங்கினானோ, கொலையுண்டானோ, எதுவாயினும் எழவேண்டிய வேளை அது. இந்நாட் பொறியியலாரும் இம்முறையை அறிவர். ஒரு பொறி இடைவிடாது 'நலம், நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்க வைத்து, அதனை இதயத்துடிப்பு என்று அழைப்பர். பெரிய கம்பெனிகள் இதனைத் தவறாது செய்கின்றன. நம் சிறிய அலுவலகங்களிலோ, மணி அடிக்காத வரையில் சேமம் என்னும் கொள்கையே ஆட்சி செய்கின்றது.

இவ்வளவும் கேட்டபின் நண்பரொருவர் ஓர் ஆட்சேபம் கூறினார், அது புறக்கணிக்கத்தக்கதன்று. "எடுத்ததற்கெல்லாம் மணி அடித்தால் புலி வந்த கதையாகிவிடுமே, நான்காம் நாள் மெய்ப்புலி வரும்போது ஒருவரும் ஓடிவரார்" என்றார். மெய்யே. தீவிர சிகிச்சை அறைகளில் பொறிகள் ஓயாது ஒலியெழுப்புவதால் தாதியரின் செவி மரத்துப்போவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாய்ப் பேசி வருகின்றது. இன்னும் பல மணிகளைக் கட்டுவதே மருந்தென்று யந்திரம் விற்போர் கூறும் யோசனையை நாமும் ஏற்கவில்லை. ஆயின் வைகைக் கரையை மறுபடியும் பாருங்கள். 66 அடி அறிவிப்பு வந்து, நீர் 69-ஐத் தொடாமலே இறங்கிப்போவதும் உண்டு. அதற்காக மானாமதுரையாரோ பரமக்குடியாரோ பொறியாளரை ஏளனம் செய்வதில்லை. ஏன்? முதல் அறிவிப்பு 'வெள்ளம் வந்துவிட்டது' என்று பொய் சொல்வதில்லை. 'விழித்திருங்கள்' என்று மட்டும் சொல்கின்றது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்குரிய செயல் ஒன்றே. அதற்கு மிகுந்ததும் இல்லை, குறைந்ததும் இல்லை. புலிக் கதையில் வரும் பையனிடம் ஒரே ஒரு கூப்பாடு தவிர வேறு இருந்ததில்லை. அதுவே அவன் கேடு.

ஆதலின் நாம் வேண்டுவது புதிய யந்திரமன்று. ஒவ்வோர் அலுவலகத்திலும் கட்டணப் பொறியின் அருகே நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். காலையில் முதல் ரசீது வெளிவர எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும், நடுப்பகலில் ஒரு ரசீதுக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும், பொறி நின்றிருந்தால் மீண்டெழ எத்தனை நிமிஷமாயிற்று என்பதையும் அங்கே அமர்ந்திருப்பவர் தம் கையால் எழுதிவரட்டும். எழுதாத நாள் ஒன்று காணப்பட்டால், அதுவே விசாரணைக்குரிய நாளாகட்டும். ஒரு பருவம் எழுதியபின், அவ்வலுவலகத்தின் 66 எது, 68.5 எது, 69 எது என்பது தானே புலப்படும். முதல் எண் வந்தால் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்தல். இரண்டாவது எண் வந்தால் அவசரமில்லாத வேலைகளை நிறுத்தி, தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் தருதல். மூன்றாவது எண் வந்தால் பொறியை விட்டுப் பழைய ரசீதுப் புத்தகத்தைத் திறத்தலும், தாமதத் தண்டத்தை அன்றே நிறுத்திவைத்தலும் ஆம். இம்மூன்றையும் செய்யும் அதிகாரம் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கே முன்கூட்டிக் கையெழுத்திட்டு அளிக்கப்பட வேண்டும். அணையின்மேல் நிற்பவர் அவர்தாம். ரசீதுப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கின்றது, அதன் சாவி யாரிடம் என்பதையும் ஒருமுறை பார்த்துவைத்தல் நலம். நாம் விசாரித்த ஓரிடத்தில் சாவி இல்லை.

இதனைக் கணிதத் துறை மாணாக்கர் சிலர் மேற்கொள்ள முன்வருவரேல், எர்லாங் கணக்கைப் பாடப்புத்தகத்திலன்றித் தம் கண்ணெதிரே வரிசையில் நிற்கும் தோழரிடமே சரிபார்க்கலாம். வரும் பருவத்துக் கட்டணம் வாங்கத் தொடங்குவது ஜூன் மாதத்தில். நோட்டின் முதற் பக்கத்தை அதற்கு ஒரு வாரம் முன்னரே கோடிட்டு வைத்தல் வேண்டும்.